றூபியின் எட்டு வருடம்

தயாளினிக்கு வேண்டியிருந்தது ஒரு பெயர் அட்டை. நெஞ்சில் குத்துகிற சாதாரணப் பிளாஸ்டிக் அட்டைதான். அதில் தன் பெயர் இருக்க வேண்டும், அதைக் குத்திக்கொண்டு ஒரு நாளாவது சம்பளத்துக்கு வேலை செய்ய வேண்டும் என்பது அவள் ஆசை. நாற்பத்தாறு வயதில் ஒரு மனிசி இதற்கா ஆசைப்படுவாள் என்று கேட்டால், ஆசைப்பட்டாள், அவ்வளவுதான். வீடும் காரும் கேட்கிற சனத்தையே முப்பது வருடமாகப் பார்த்தவன் நான். இப்படி ஒன்றை வேறு யாரும் என்னிடம் கேட்டதில்லை.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் என் கையும் இருக்கிறது. பெயர் கணேசலிங்கம். தெற்கு லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. ஃபோம், அதாவது படிவம், நிரப்புகிற ஃபோம் அண்ணை என்று கேட்க வேண்டும். தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு எடுத்தவன். கவுன்சில் வீடு, அரசாங்கம் தருகிற பெனிபிட் காசு, பள்ளிக்கூட அனுமதி என்று எந்தப் படிவமானாலும் சனிக்கிழமை காலையில் நூலகத்தின் யன்னலோர மேசையில் இருந்து நிரப்பிக் கொடுப்பேன். காசு வாங்குவதில்லை. அதனால் ஏசுவதற்கு எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறவன். வந்த கடிதத்தைப் பிரிக்காமல் மூன்று மாதம் சாமிப் படத்துக்குக் கீழே வைத்திருந்துவிட்டு, கடைசித் தவணைக்கு முதல் நாள் கொண்டு வருகிறவர்களை ஏசாமல் என்ன செய்வது? கையெழுத்து நன்றாக இருந்தால் தலையெழுத்து நன்றாக இராது என்பார்கள். என் கையெழுத்து நல்ல அழகு. கெட்டதென்னவோ மற்றவர்களின் தலையெழுத்து.

தயாளினியை முதன்முதலில் கண்டது இரண்டாயிரத்து எட்டு மாசியில். புருசன் புவனேந்திரனோடும் சின்ன மகளோடும் இந்த நாட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவர்களுடைய அகதி வழக்கு முதல் சுற்றில் தோற்று மேன்முறையீட்டில் கிடந்தது. இருவருக்கும் வேலை செய்ய அனுமதி இல்லை. புவனேந்திரன் ஒரு கடையின் பின்பக்கத்தில் ஒளித்துப் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தான். அவனுடைய அக்கா சிவரூபினி, தயாளினிக்கு மச்சாள், லண்டனின் கிழக்குப் பக்கம் குட்மேய்ஸில் இருந்தாள். ஜேர்மனியில் பதினைந்து வருடம் இருந்து, அந்த நாட்டுப் பாஸ்போட் எடுத்து, பிறகு புருசன் யோகராஜாவோடு லண்டனுக்கு மாறி வந்து கடை போட்டவள். ஐரோப்பியப் பாஸ்போட் இருந்ததால் அவள் இங்கே எந்த வேலையும் செய்யலாம். மூன்று பிள்ளைகளோடு வேலைக்குப் போகிற எண்ணம்தான் அவளுக்கு இருக்கவில்லை.

ஆக, ஒருத்தியிடம் வேலை செய்யக்கூடிய பெயர் சும்மா கிடந்தது. மற்றவளிடம் வேலை செய்யக்கூடிய உடம்பு சும்மா கிடந்தது. இரண்டையும் பொருத்திவிட்டது நான்.

அந்த நாட்களில் எங்கள் சனத்தில் இது புதினமில்லை. ஒருவர் பெயரில் இன்னொருவர் வேலைக்குப் போவார். பிழை என்று எல்லோருக்கும் தெரியும். பசிக்குச் சட்டம் தெரியாது என்று சொல்லிக்கொண்டு செய்தோம். ஹீத்ரோவுக்குப் பக்கத்தில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற ஒரு தொழிற்சாலை ஆள் எடுத்தது. நாலு பக்கப் படிவத்தை நான் நிரப்பினேன். பெயர் என்ற இடத்தில் சிவரூபினி யோகராஜா என்று எழுதினேன். சிவரூபினியின் கையெழுத்தை ஒரு கொப்பியில் இருபது பக்கம் எழுதிப் பழகச் சொன்னதும் நான்தான். தயாளினி முப்பது பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். நேர்முகத்தில் இருந்த மனிசன் பாஸ்போட்டில் இருந்த படத்தையும் முன்னால் நின்றவளையும் மாறி மாறிப் பார்த்தானாம். இரண்டு நெற்றியிலும் பொட்டு இருந்தது. அவனுக்கு அது போதுமாயிருந்தது.

அங்கே அவளுக்கு றூபி என்று பெயர். சிவரூபினி என்று முழுதாகச் சொல்ல அந்த இடத்தில் யாருக்கும் நாக்கு வரவில்லை. விடியக் காலையில் வான் வந்து ஏற்றிக்கொண்டு போகும். ஓடுகிற பெல்ட்டுக்கு முன்னால் நின்று, வந்துகொண்டிருக்கிற தட்டில் பாண், வெண்ணெய், கரண்டி, பழக் கிண்ணம் வைக்கிற வேலை. இரண்டு வருடம் கரண்டி வைத்தாள். மூன்றாம் வருடம் லைன் லீடர் ஆக்கினார்கள். அதாவது, இருபத்திரண்டு பேர் நிற்கிற ஒரு பெல்ட் முழுவதும் அவள் பொறுப்பு. நானூறு தட்டில் ஒன்றில் கரண்டி இல்லையென்றால் அது தன்னைத் தாண்டிப் போகும் முன்னே கண்டுவிடுவாள். கடலை ஒவ்வாதவர்களின் தட்டில் கடலை இனிப்பு விழுந்தால் பெல்ட்டையே நிறுத்துவாள். குளிர் அறையின் சூட்டை நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அளந்து புத்தகத்தில் பதிந்து கையெழுத்து வைப்பாள். அது சிவரூபினியின் கையெழுத்து. ஒரு தரம் மாதத்தின் சிறந்த ஊழியர் என்று அவள் படத்தைச் சுவரில் மாட்டினார்கள். முகம் இவளுடையது, கீழே பெயர் மச்சாளுடையது. சம்பளம் மச்சாளின் வங்கிக் கணக்குக்குப் போய் அப்படியே திரும்பி வந்தது. அதில் சிவரூபினி ஒருநாளும் பிசகவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

எட்டு வருடம் கழித்து, இரண்டாயிரத்துப் பதினாறில் வழக்கு வென்றது. விசா வந்த அன்று புவனேந்திரன் எனக்கு லட்டு கொண்டு வந்தான். நானும் தின்றுவிட்டு, இனிச் சொந்தப் பெயரில் வேலை செய்யலாம் என்று வாழ்த்துச் சொன்னேன். தின்று முடித்த பிறகுதான் விளங்கியது. றூபியாக நின்ற இடத்தில் தயாளினியாகப் போய் எப்படி நிற்பது? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி நான் நிரப்பிய அந்த நாலு பக்கம். றூபி வேலையை விட்டாள். போய்வா றூபி என்று எழுதிய கேக் வெட்டினார்களாம். நாற்பது பேர் கையெழுத்து வைத்த ஒரு வாழ்த்து மட்டையும் கொடுத்தார்களாம்.

அதற்குப் பிறகு வீட்டில் வடை சுட்டு டூட்டிங்கில் ஒரு கடைக்குக் கொடுத்தாள். கைக்காசுக்கு நாலு வீடு துப்புரவாக்கினாள். இரண்டுக்கும் பதிவும் இல்லை, கடிதமும் இல்லை. ஒழுங்கான வேலைகளுக்கு ஃபோனில் விண்ணப்பிக்கப் பார்ப்பாள். எல்லா இடத்திலும் கடைசியாக வேலை செய்த இடம் எது என்ற கேள்வி வரும். வந்தவுடன் ஃபோனை மூடி வைத்துவிடுவாள். இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதை அவளுடையது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். எறியச் சொன்னவன் நான்.

மகள் கோசிகா பல்கலைக்கழகத்துக்கு வேறு ஊர் போனபிறகு, போன வருடம் புரட்டாதியில், பெரியவர்களுக்கான கல்லூரி ஒன்றில் சமையலறை வேலைப் படிப்பில் சேர்ந்தாள். முதல் நாள் வரவுப் பதிவில் கையெழுத்து வைக்கச் சொல்ல, கை தன் பாட்டில் ஓடி, வளைந்து, கடைசியில் ஒரு சுழி போட்டு நின்றது. குனிந்து பார்த்தால் சிவரூபினி. ஆசிரியை பியற்றிஸ் என்பவள் கானா நாட்டுக்காரி, நல்ல மனிசி. இது யார் என்று கேட்டாள். தயாளினி வெட்கப்பட்டுக்கொண்டு வெட்டிவிட்டுப் பக்கத்தில் தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினாளாம். சொந்தக் கையெழுத்து என்று ஒன்று அவளுக்கு உருப்படியாக இருக்கவில்லை.

இன்னொரு நாள் பியற்றிஸ் ஒரு பெரிய சமையலறையின் படத்தைத் திரையில் போட்டு, என்ன பிழை என்று கேட்டிருக்கிறாள். மற்றவர்கள் தலையைச் சொறிந்துகொண்டிருக்க, தயாளினி ஆறு பிழை சொன்னாள். பியற்றிஸுக்கே நாலுதான் தெரியுமாம். முன்பு எங்கே வேலை செய்தாய் என்று கேட்க, எங்கேயும் இல்லை என்றாள். அப்படியானால் இது பிறவியிலேயே வந்தது என்று வகுப்பு முழுவதையும் கைதட்டச் சொன்னாளாம் பியற்றிஸ்.

இந்த வருடம் பங்குனியில் பியற்றிஸ் ஒரு செய்தி கொண்டுவந்தாள். ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறைக்கு ஆள் தேவை. படிக்கிறவர்கள் எல்லோரும் வியாழக்கிழமைக்குள் ஆளுக்கொரு சீ.வி., படிப்பையும் பார்த்த வேலைகளையும் சொல்கிற தாள், எழுதிக் கொடுக்க வேண்டும். வகுப்பிலிருந்து இரண்டு பேரை எடுப்பார்கள். பெரிய சமையலறையில் மூன்று வருட அனுபவம் இருந்தால் குழுத் தலைவர் வேலையே கிடைக்கும். தயாளினி வீட்டுக்குப் போய் ஒரு தாளில் தன் பெயரை எழுதினாள். விலாசம் எழுதினாள். அதற்குக் கீழே எழுத ஒன்றும் இல்லை என்று அந்தச் சனிக்கிழமை என்னிடம் வந்தாள். மகள் எழுதித் தந்திருப்பாள். ஆனால் அம்மா தொழிற்சாலைக்குப் போனாள் என்பதுதான் மகளுக்குத் தெரியும், எந்தப் பெயரில் போனாள் என்பது தெரியாது. தெரிய வேண்டாம் என்பது இவள் எண்ணம்.

இனி நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். இவளுக்குச் சீ.வி. என்றால் எப்படி இருக்கும் என்று காட்ட வேண்டுமென்று நினைத்தேன். என் கணினியில் நான் எழுதியவற்றுள் நல்லதொன்று கிடந்தது. தலைப்பு, கோடு, புள்ளி எல்லாம் கச்சிதமாக விழுந்திருந்தன. எனக்கு அதில் பெருமை. யாருடையது என்று யோசிக்காமல் திறந்து, மாதிரி பாரும் என்று அவள் பக்கம் திருப்பிவிட்டேன்.

அது சிவரூபினியுடையது. இரண்டாயிரத்துப் பதினெட்டில், பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், கடையும் பூட்டியாகிவிட்டது, ஒரு வேலை பார்க்க வேண்டும் என்று வந்தாள். அவள் பெயரில் எட்டு வருட அனுபவம் பதிவில் கிடந்தது. யார் கேட்டாலும் தொழிற்சாலை ஓம் என்று சொல்லும். நான் எழுதிக் கொடுத்தேன். குட்மேய்ஸில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் அவளை எடுத்தார்கள். இப்போது அங்கே மேற்பார்வையாளர். மச்சாளுக்கு வேலை கிடைத்தது தயாளினிக்குத் தெரியும். எதைக் காட்டிக் கிடைத்தது என்பது தெரியாது.

அவள் திரையில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தாள். விமான உணவுத் தொழிற்சாலை. எட்டு வருடம். இருபத்திரண்டு பேர் கொண்ட குழுவுக்குத் தலைமை. முப்பதுக்கும் மேற்பட்ட புதியவர்களைப் பழக்கியவர். ஒவ்வாமை உணவுகளில் ஒரு தவறும் நேராமல் பார்த்தவர். மாதத்தின் சிறந்த ஊழியர். முடித்துவிட்டு மேலே போய்த் திரும்பவும் வாசித்தாள். நான் கணினியை மூடக் கையை நீட்டினேன். அவள் என் கையைத் தள்ளிவிட்டாள், பதினேழு வருடப் பழக்கத்தில் முதல் தடவையாக.

"இது நான்," என்றாள்.

விரலைத் திரும்பவும் முதல் வரிக்குக் கொண்டுபோனாள்.

"இவ்வளவும் செய்தனானோ அண்ணை? எனக்கு ஒண்டும் தெரியாது எண்டெல்லோ நான் நினைச்சுக்கொண்டிருந்தனான்."

அவள் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஏசவில்லை. முகத்தில் ஒரு சந்தோசம்தான் இருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன். தொலைந்துபோன தன் சாமானைத் தெருவில் இன்னொருவர் தோளில் கண்டவள் முதலில் அடையாளம் தெரிந்ததற்காகச் சந்தோசப்படுவாள்தானே, அப்படி. ஒரு பிரதி அச்சடித்துத் தரச் சொல்லி வாங்கி, நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். பிறகு, இதை அப்படியே என் பெயரில் மாற்றித் தாருங்கோ அண்ணை என்றாள்.

முடியாது என்று விளங்கப்படுத்தினேன். ஆஸ்பத்திரிக்காரர் தொழிற்சாலையைக் கேட்பார்கள். தயாளினி என்று யாரும் இங்கே வேலை செய்யவில்லை என்று பதில் வரும். அப்படியானால் பியற்றிஸிடம் உண்மையைச் சொல்கிறேன், அவ நல்ல மனிசி என்றாள். அவளுடைய குடியுரிமை விண்ணப்பம் அனுப்பி நாலு மாதம் ஆகியிருந்தது. உண்மையைச் சொன்னால் அது போகும், மச்சாளின் வேலையும் போகும் என்று பயமுறுத்தினேன். நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் அந்த நாலு பக்கப் படிவத்தில் இருந்தது என் அழகான கையெழுத்து என்பதும் என் மனதில் ஓடியது. எனக்காகவும் பயந்தேன். அதை நினைக்க இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மிச்சமிருந்தது ஒரு வழி. சிவரூபினி இப்போது மேற்பார்வையாளர். தயாளினி என்னிடம் கொஞ்சக் காலம் வேலை பழகினாள் என்று அவள் ஒரு கடிதம் தந்தால், அந்தப் பொய்யாவது பாதி உதவும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் குட்மேய்ஸுக்குப் போனோம். நொர்தேர்ன் லைனில் மூர்கேற் வரை, பிறகு எலிசபெத் லைன். வழியில் தயாளினி ஒன்று சொன்னாள். அந்தப் பதினெட்டாம் ஆண்டு மச்சாள் அடிக்கடி ஃபோன் எடுப்பாளாம். குளிர்ப்பெட்டி எத்தனை பாகையில் இருக்க வேண்டும், சமைத்த கோழியை எவ்வளவு நேரத்தில் ஆறவைக்க வேண்டும், ஒவ்வாமைப் பட்டியலை எப்படி எழுதுவது என்றெல்லாம் கேட்பாளாம். கடைக்காக்கும் என்று நினைத்து மணிக்கணக்கில் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். கடை பூட்டியது அவளுக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

சிவரூபினி எங்களுக்குத் தேத்தண்ணியும் றோல்ஸும் வைத்தாள். தயாளினி கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேசையில் விரித்தாள். சிவரூபினி அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதவில்லை. தயாளினி குரலை உயர்த்தவில்லை. வந்த காரியத்தைச் சொன்னாள், கடிதம் கேட்டாள்.

சிவரூபினி அழத் தொடங்கினாள். அவளைக் கெட்டவள் என்று எழுத எனக்குக் கை ஓடாது. போன வருடம் அவளுடைய இடத்தில் ஒரு பெண்ணின் பொய்க் கடிதம் பிடிபட்டு, கொடுத்தவளையும் சேர்த்து வேலையை விட்டு நிறுத்தினார்களாம். சொந்தக்காரருக்கு வேலைக் கடிதம் கொடுக்கவே கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்களாம். அழுதுகொண்டே அதையெல்லாம் சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மனதில் இருந்ததையும் சொன்னாள்.

"நான் என்ரை பேரைத் தந்தனான் தயா. பிடிபட்டிருந்தால் உள்ளுக்குப் போறது நான்தான். எட்டு வரியம் ஆர் கதவைத் தட்டினாலும் நெஞ்சு பதறினது எனக்கு. அந்தப் பேரோடை வந்ததை நான் எடுத்தது களவோ?"

தயாளினி தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"களவு எண்டு நான் சொல்லேல்லை மச்சாள்," என்றாள். "எனக்கு ஒண்டும் மிஞ்சேல்லை எண்டுதான் சொல்லுறன்."

நியாயம் இரண்டு பக்கமும் இருந்தது. அதுதான் பெரிய கரைச்சல். ஒருத்தியில் பிழை இருந்தால் ஏசிவிட்டு எழும்பி வந்திருக்கலாம். றோல்ஸைத் தின்றுவிட்டு, சொல்லிக்கொண்டு வந்தோம். கடைசியில் சிவரூபினி தர ஒத்துக்கொண்டது ஒரு நற்சான்றுக் கடிதம் மட்டும். தயாளினி எனக்குப் பல வருடமாகத் தெரிந்தவர், நேர்மையானவர், அனுபவம் இல்லாவிட்டாலும் பழக்கினால் பழகிக்கொள்வார். அனுபவம் இல்லாவிட்டாலும் என்ற சொற்களைச் சேர்க்கச் சொன்னது நான்தான். இல்லாவிட்டால் சீ.வி.யோடு ஒத்துவராது.

புதன்கிழமை இருவரும் இருந்து அந்தச் சீ.வி.யை எழுதினோம். என் வாழ்நாளில் ஆயிரம் படிவம் நிரப்பியிருப்பேன், இவ்வளவு கஷ்டப்பட்டதில்லை. படிப்பு என்ற தலைப்பின் கீழ் அவள் இடம்பெயர்ந்த வருடத்தில் பாதியில் நின்ற சாதாரண தரப் பள்ளிப் படிப்பை எழுதினோம். இரண்டாயிரத்து எட்டிலிருந்து பதினாறு வரை என்ன என்று கேட்டேன். அவள் சிரித்தாள். வீட்டில் இருந்தேன் என்று எழுதுங்கோ என்றாள். குடும்பப் பொறுப்பு என்று எழுதினேன். வேலை அனுபவம் என்ற தலைப்பின் கீழே ஒன்றும் இல்லாததால் அந்தத் தலைப்பையே எடுத்துவிட்டேன். அரைப் பக்கம்கூட நிரம்பவில்லை. எழுத்தைப் பெருப்பித்தேன். வரிகளுக்கு இடையில் இடம் விட்டேன். அப்படியும் கீழே வெள்ளையாகக் கிடந்தது.

எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் அடிக்கடி கைப்பையைத் திறந்து மற்றத் தாளை எடுத்துப் பார்த்தாள். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதிலே தான் கூடுதலாக இருக்கிறாள் என்று பார்ப்பவள்போலப் பார்த்தாள். பிறகு மற்றதை மடித்து உள்ளே வைத்தாள்.

வியாழக்கிழமை பியற்றிஸ் வாசித்துவிட்டு, உன்னைப்போல ஒருத்தி எங்கேயாவது ஆறு மாதம் வேலை செய்திருந்தால் போதுமே, நான் கண்ணை மூடிக்கொண்டு அனுப்புவேனே என்று கவலைப்பட்டாளாம். அப்படியும் அனுப்பினாள். ஆஸ்பத்திரியிலிருந்து பத்து நாளில் பதில் வந்தது. போதிய அனுபவம் இல்லை, எதிர்காலத்துக்கு வாழ்த்துகள். குழுத் தலைவர் வேலை பேர்கர் கடையில் மூன்று வருடம் நின்ற, கூடப் படித்த ஒரு பெட்டைக்குப் போனது. அந்தப் பெட்டைக்கு அன்றைய சமையலறைப் படத்தில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியாமல் போனதாம். அதைத் தயாளினி பொறாமையாகச் சொல்லவில்லை. பெட்டை பாவம், தனியச் சமாளிக்க மாட்டாள் என்று கவலைப்பட்டாள். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

வைகாசியில் சிவரூபினி தயாளினிக்கு ஃபோன் எடுத்தாள். தன்னுடைய இல்லத்தின் சமையலறையில் பயிற்சியாளர் இடம் ஒன்று காலி. அனுபவம் தேவையில்லை. வேலைக் கடிதம் தரக்கூடாது என்றுதான் சட்டம், ஆள் எடுப்பது மேலாளர், அதில் தனக்குச் சம்பந்தமில்லை, வந்து கேட்டுப் பார் என்றாள். அவளுக்கும் நெஞ்சில் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். தயாளினி போனாள், எடுத்தார்கள். போக ஒன்றேகால் மணித்தியாலம், வர ஒன்றேகால் மணித்தியாலம். கிழங்கு உரிக்கிற, தட்டுக் கழுவுகிற வேலை.

முதல் நாள் மத்தியானம் என் ஃபோனுக்கு ஒரு படம் வந்தது. வெள்ளை உடுப்பில் பெயர் அட்டை. தயாளினி புவனேந்திரன், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் பயிற்சியாளர். ஒரு எழுத்துப் பிழையும் இல்லை. நான் அன்று முழுவதும் அந்தப் படத்தைத் திறந்து திறந்து பார்த்தேன். கேட்டது கிடைத்துவிட்டது என்று சின்னப் பிள்ளைபோலச் சந்தோசப்பட்டேன். வெட்கம் கெட்டவன் நான்.

அடுத்த சனிக்கிழமை அவள் நூலகத்துக்கு ஒரு தாளோடு வந்தாள். பயிற்சி முடித்ததற்கான பதிவு. இதையும் சீ.வி.யில் சேர்க்கலாமாம் என்று மேலாளர் சொல்லியிருக்கிறார். பதினாலு வரி. கை கழுவும் முறை. குளிர்ப்பெட்டியின் சூட்டை அளத்தல். ஒவ்வாமைப் பட்டியலை வாசித்தல். ஒவ்வொரு வரிக்கும் நேரே இரண்டு கட்டம், கற்பித்தவர் கையெழுத்துக்கு ஒன்று, கற்றுக்கொண்டவர் கையெழுத்துக்கு ஒன்று.

கற்பித்தவர் என்ற கட்டம் பதினாலிலும் சிவரூபினியின் கையெழுத்து. சரளமாக ஓடி, வளைந்து, கடைசியில் சுழி போட்டு நின்றது. அந்தச் சுழியை எனக்குத் தெரியும். முப்பது பக்கக் கொப்பியில் நான் திருத்தப் பார்த்தும் போகாத சுழி அது. சிவரூபினி தானாகப் போடும்போது அந்த இடத்தில் ஒரு சின்ன இழுப்பு இருக்கும், சுழி இராது. தாளிலிருந்து தலையை எடுத்து அவளைப் பார்த்தேன்.

"மச்சாளுக்குக் கை முழுக்கக் கோதுமை மா," என்றாள். "நீயே போட்டுவிடு தயா, உனக்குத்தான் என்னைவிட வடிவா வருமே எண்டு சிரிச்சா. போட்டனான்."

பக்கத்துக் கட்டத்தில், கற்றுக்கொண்டவர் என்ற இடத்தில், தயாளினி என்று பதினாலு தரம் எழுதியிருந்தாள். எழுத்துக் கூட்டி, கோட்டுக்கு மேலும் கீழுமாக, ஒன்றுபோல ஒன்று இல்லாமல், முதலாம் வகுப்புப் பிள்ளையின் கொப்பிபோல இருந்தது. 

நான் கணினியைத் திறந்து அவளுடைய கோப்பை எடுத்தேன். நான் அன்று எடுத்துவிட்ட வேலை அனுபவம் என்ற தலைப்பைத் திரும்பவும் போட்டேன். அதன் கீழே, முதியோர் இல்லச் சமையலறை, பயிற்சியாளர், வைகாசி முதல் என்று தட்டினேன். குளிர்ப்பெட்டியின் சூட்டை அளக்கக் கற்றுக்கொண்டவர் என்றும் தட்டினேன். அவள் சொல்லச் சொல்லத்தான் தட்டினேன். முடிந்ததும் திரையை அவள் பக்கம் திருப்பினேன். விரலை வைத்து, அன்று மச்சாளுடையதை வாசித்த மாதிரியே, மேலிருந்து கீழே வாசித்தாள்.

"பேர் சரியாக் கிடக்கு அண்ணை," என்றாள். "ஆள்தான் ஆரெண்டு எனக்குத் தெரியேல்லை."

ஒரு பிரதி அச்சடித்துக் கொடுத்தேன். அதையும் நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை ஷிப்ட் ஏழு மணிக்கு என்று சொல்லிவிட்டுப் போனாள்.